சுவரில் நீந்திய வெளிச்சம்

அவள் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதமாகியும் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கச்சால் தீவில் ரப்பர் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவள், முப்பது வயதிருக்கும், வாயே திறக்கமாட்டாள். இருவருக்கும் பாம்பூஃப்ளாட்டில்தான் வீடு. காலையில் ஒரே ஃபெர்ரியில் கடல் தாண்டி சாத்தம் வந்து, அங்கிருந்து டெலானிபூரில் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரே பஸ். நான் தபால் பிரிவு, அவள் கம்ப்யூட்டர் பிரிவு. ஃபெர்ரியில் ஏறியதும் போனில் குனிந்துவிடுவாள். ஏதோ கேம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மழை நாளில் அவள் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கண் தானாக அவள் போனுக்குப் போனது. கறுப்புத் திரையில் விரல் போன வழியெல்லாம் நீல வெளிச்சம் கலங்கிக் கலங்கி அணைந்தது. இருட்டில் எங்கள் கடலைக் கையால் அளைந்தால் வருமே, அதே மினுக்கம்.

"இது என்ன கேம்மா?"

"கேம் இல்லக்கா, வெப்சைட். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். என் விரலடியில் ஒரு புள்ளி எழுந்தது. தூரத்தில் இன்னொரு புள்ளி தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

"அது யாரு?"

"தெரியாதுக்கா. எங்கயோ யாரோ இந்தப் பக்கத்தைத் தொறந்து வச்சிருக்காங்க. கிட்ட போங்க."

போனேன். இரண்டு புள்ளிகளும் நெருங்கியதும் வீணைத் தந்தியைச் சுண்டியதுபோல ஒரு சத்தம். அந்த யாரோ என்னை ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் பதிலுக்குச் சுற்றினேன். எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. சாத்தம் படகுத்துறை வந்ததும் மதியச் சாப்பாட்டுப் பையை மறந்து இறங்கிவிட்டேன். அவள்தான் எடுத்துவந்து கொடுத்தாள்.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"நாந்தாங்க்கா." ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டேன் என்று சொல்கிற குரல்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் மேஜைக்கே போய் உட்கார்ந்தேன். திரை நிறைய எழுத்தும் எண்ணுமாக இருந்தது. ஒரு எண்ணை மாற்றினாள், வெளிச்சம் மெதுவாக அணைந்தது. இன்னொன்றை மாற்றினாள், அலைபோல விரிந்தது. சம்பளப் பட்டியல் போடுகிற அதே கம்ப்யூட்டர்!

"எங்க படிச்ச?"

"படிக்கலக்கா. இந்த மாதிரி வெப்சைட் நெறைய இருக்கு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பிரவுசர்லயே பாக்கலாம். அப்புடிப் பாத்துப் பாத்து வந்ததுதான்."

அலுவலக ஆண்டு விழாவில் இதைக் காட்டச் சொன்னேன். "வேணாங்க்கா, கூச்சமா இருக்கு" என்றாள். நான் கேட்கவில்லை. எங்கள் பெங்காலி அதிகாரியிடம் நானே போய் இந்தியில் சொல்லி, நிகழ்ச்சிப் பட்டியலில் சேர்க்க வைத்துவிட்டேன்.

விழா அன்று ஜன்னல்களைத் திரையால் மூடி, சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் அடித்துக் காத்திருந்தோம். சரியாக அந்த நேரம் நெட் போய்விட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "நெட் நஹி ஹை? சலோ, சாய் பீதே ஹை" என்று டீக்கு எழுந்துவிட்டார் அதிகாரி. கட்டாயப்படுத்தி இழுத்துவந்தவள் நான்தானே. அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அவளோ மேஜைக்கடியில் உட்கார்ந்து தன் லேப்டாப்பை ரௌட்டரோடு இணைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, அதுவரை யாரும் கேட்டிராத சத்தத்தில், "ருக்கியே சார்!" என்று அவரை நிறுத்தினாள். "இன்டர்நெட் வேணாம். எல்லாரும் ஆபீஸ் வைஃபைல சேந்தா, இந்த ரூமுக்குள்ள இருக்கற போனுங்களே போதும்" என்று என்னிடம் தமிழிலும், பிறகு எல்லோரிடமும் இந்தியிலும் சொன்னாள்.

முதல் புள்ளி சுவரில் எழுந்தது. பிறகு ஐந்து, பிறகு எண்ண முடியவில்லை. தெலுங்கு டிரைவர் தன் புள்ளியால் மற்றவர்கள் புள்ளிகளைத் துரத்தித் துரத்திச் சிரித்தார். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு கிளார்க்குகளின் புள்ளிகள் உரசி, சுவரிலிருந்து இனிமையாக ஒரு சத்தம் வந்தது. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கடைசிவரை விரலை எடுக்காதவர் அதிகாரிதான். டீ ஆறிப்போயிருந்தது.

பொதுமக்கள் காத்திருக்கும் அறைக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: திறப்பு விழாப் பேச்சு கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார்.

இப்போது அந்த அறைச் சுவரில் அது ஓடுகிறது. வடக்கே தொலைவில் இருக்கும் மாயாபந்தரிலிருந்து ஒரு கையெழுத்துக்காக வந்து உட்கார்ந்திருப்பவர்கள்கூட போனை எடுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது. இருந்தாலும் தினமும் ஒரு ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறேன்.