ஏணி விழாத அன்று

புருஷன் செத்து ஒரு மாதம் கழித்து மிசாவோ ஹிராயாமா ஆய்வகத்துக்குத் திரும்பினாள். ஒசாகாவில் ஒரு மருத்துவக் கல்லூரி. எலிகளைக் கொன்று நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அழுகை இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சுரப்பியின் செல்களில் மருந்து விட்டால் அவை தாமாகச் சாகும். அப்படிச் சாகிற செல் தன் டி.என்.ஏ.வை ஒழுங்காக வெட்டிப் போடும், வரிசையாக இருக்கிற நூல்கண்டுகளுக்கு நடுநடுவே கத்தரி வைக்கிற மாதிரி. அதை ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் மின்சாரம் விட்டு ஓட்டி விளக்கடியில் பார்த்தால் ஏணிப்படிகள் தெரியும். கவனிப்பாரற்று வெடித்துச் செத்த செல்லுக்கு ஏணி கிடையாது, ஒரே தீற்றல்தான்.

ஏணி விழாவிட்டால் மறுபடி ஒரு கூண்டு எலியைக் கொல்ல வேண்டும். இன்னொரு தடவை கை வராது என்று ஆராய்ச்சியாளன் கமோவிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்து, ஆய்வகத்தில் செத்த எலிகளுக்கு வருஷா வருஷம் நடக்கும் அஞ்சலி.

"செல் குழாயெல்லாம் கெட்டுப்போகாம ஐஸ்ல வெச்சீங்களா?"

"வெச்சாச்சு ஹிராயாமா-சான். வாங்க, டீன் தொண்டையக் கனைக்கிறாரு."

"அவரு கனைச்சா மத்தியானச் சோறு ஆறிடும்."

புருஷன் காரியத்துக்குப் போட்ட அதே கறுப்பு உடை. எலிகளுக்கான நினைவுக்கல்லுக்கு முன்னால் சாமந்தி வைத்துக் குனிந்தாள். செருப்பு கடித்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் குழாய்கள் ஜன்னலோர மேஜையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

கமோ கறுப்பு டையை இழுத்துத் தளர்த்தினான். "டை கட்டுற அவசரத்துல... வெச்சதா நெனச்சுட்டேன்."

இருந்தாலும் ஓட்டிப் பார்த்தார்கள். படி ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழ்வரை தீற்றல்.

"எலிக்குக் கும்பிடு போடப் போயி..." என்று ஆரம்பித்தான் கமோ.

"முடிக்க வேணாம். எந்தக் கூண்டு?"

"நீங்க வேணாம், நானே..."

"உங்க கையில குடுத்தா அதுங்க பயந்தே செத்துடும்."

உடைக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். கை வந்தது. அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் ஏணி விழுந்தது, படிப்படியாக, சுத்தமாக. கமோ அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கில்ல?"

"ம். வெளக்க அணைங்க. கண்ணு எரியுது."