தொட்டி மீன்கள் ஏன் செத்தன

அரிமளம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மூடி வைக்க முடியாத தொட்டிகளில், புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை விட்டு வருவேன். எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நம்பியிருந்தேன்.

ஒரு மல்லிகைத் தோட்டத்து வீட்டில் மட்டும் அவை பிழைக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமென்ட் தொட்டி அது. திங்கட்கிழமை பத்து மீன் விட்டேன். புதன்கிழமை போனால், பத்தும் வயிறு மேலே தெரிய மிதந்தன. மறுவாரமும் அப்படியே.

வீட்டுக்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே அவருடைய கொழுந்தனாரின் மனைவி குடியிருந்தாள். வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

"அவதான் என்னத்தையோ ஊத்துறா. எம்மாடு சாகணும்னு பாக்குறா."

"மாடு நல்லாத்தானேக்கா இருக்கு?"

"இன்னைக்கு இருக்கு. நாளைக்கு?"

எனக்கு அந்த அக்கா மேலேயே சந்தேகம். பழி போடுவதற்காகப் பிளீச்சிங் பவுடரை இவரே கொட்டியிருக்கலாம். தொட்டியை மோந்து பார்த்தேன். பாசி வாடைதான்.

தெருவில் திரும்பும்போது வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்னை நிறுத்தினாள்.

"என்னையத்தானே சொன்னாக? போன வருசம் பூச்செடிக்கு அடிக்கிற மருந்த அவுக வீட்டுக்காரரு அந்தத் தொட்டியிலதான் கலக்குனாரு. போயிக் கேளுங்க."

இவள் தன் மேல் விழுந்ததை அங்கே தள்ளுகிறாளோ என்று அதையும் முழுசாக நம்பவில்லை.

மறுநாள் இரண்டு கண்ணாடி பாட்டில்களோடு போனேன். ஒன்றில் போர்வெல் தண்ணீர் மட்டும். இன்னொன்றில் அதே தண்ணீரோடு தொட்டியின் அடியில் படிந்திருந்த சேறு ஒரு கரண்டி. ஒவ்வொன்றிலும் மூன்று மீன் விட்டேன். அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். சேறு கலந்த பாட்டிலில் மீன்கள் கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றின. பிறகு ஒருக்களித்து விழுந்தன. அடுத்த பாட்டிலில் மூன்றும் நீந்திக்கொண்டிருந்தன. டீயில் இருந்தது அந்த மாட்டுப் பால் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டம்ளரை எடுக்கவில்லை.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு வருசம் ஆச்சேம்மா. அவரு கழுவித்தான் விட்டாரு."

"சுவத்தக் கழுவியிருப்பாருக்கா. அடிச்சேத்த அள்ளுனாரா?"

அக்கா வாளியை எடுத்துத் தொட்டிக்குள் இறங்கி, சேற்றை அள்ளிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

"அங்கிட்டு ஊத்தாதீங்கக்கா! அது ஊருணிக்குப் போற தண்ணி!"

அக்கா அப்படியே நின்றார். இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "பெறகு எங்கதான் ஊத்துறது?" என்று வேலியைப் பார்த்துக் கேட்டார்.

நான் வேளாண் அலுவலகத்தில் கேட்டுச் சொல்லும்வரை, சேற்றை ஒரு டிரம்மில் போட்டு மூடி வைத்தோம். மாட்டைச் சாய்க்காத துளி மருந்தும் மீனைக் கொன்றுவிடும் என்றார்கள் அங்கே. தொட்டியை மூன்று முறை தேய்த்தும், புதிதாக விட்ட மீன்கள் நான்கு நாள்தான் தாங்கின. மாட்டுக்கு வேறு தொட்டி வாங்கினார்கள்.

"அவ ஊத்தலதான்," என்றார் அக்கா, நான் கடைசியாகப் போனபோது. "ஆனா வரப்ப வெட்டுனது அவதான்."