ரீட்ரை இரண்டு

1. பச்சை ரிப்போர்ட்

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு பாறசாலையில், அலுவலகம் நெய்யாற்றின்கரையில். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஃப்ரேம்வொர்க்கை எப்படி அமைப்பது என்று புதியவர்கள் கேட்டால், நான் தப்பாக அமைத்த ஒன்றைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள் புக்கிங் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். எந்த நோயாளி, எந்தக் கிழமை, எந்த மெஷின் என்று பதிந்து வைப்பது அதன் வேலை. அதுவரை கையால் டெஸ்ட் செய்துவந்தவள் ஸ்டெல்லா. டெஸ்டுகளைத் தானாக ஓட வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் ஓடின, ஒன்றைத் தவிர. இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் புக்கிங் சேவ் செய்யும் டெஸ்ட் அது. ஒரு நாள் தேறி ரிப்போர்ட்டில் பச்சையாக வரும், மறுநாள் தோற்றுச் சிவப்பாகும்.

ஸ்டெல்லா என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, அது சும்மா ஃபெயில் ஆகல்ல. நானும் கையால செஞ்சு பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணிச்சு சேவ் அடிச்சா ஒரு பேரு காணாம போவுது. ரெண்டு தடவ கண்டேன்."

"நெட் ஸ்லோ ஆக்கும், மக்கா."

"நெட் இல்ல அண்ணா. இங்க வந்து பக்கத்துல இருந்து பாருங்க."

நான் போகவில்லை. மேனேஜர் அனில் சார் அன்று காலைதான் சொல்லியிருந்தார்: "நாளைக்கு டெமோ உண்டு. ரிப்போர்ட் முழுசும் பச்சையா இருக்கணும், கேட்டியா?"

தோற்ற டெஸ்டை மறுபடி எத்தனை தடவை ஓட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் வரி ஒன்று கான்ஃபிக் ஃபைலில் உண்டு. ரீட்ரை என்போம். அதில் பூஜ்யம் இருந்தது, இரண்டாக்கினேன். கடைசி ஓட்டத்தின் முடிவு மட்டும் ரிப்போர்ட்டில் வரும்படியும் மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. எல்லாம் பச்சையாயிற்று.

டெமோ நன்றாக முடிந்தது. அடுத்த மாதம் ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "ஆட்டோமேஷன் வந்தாச்சு. இனி கையால பாக்க ஒரு ஆளு என்னத்துக்கு?" என்றார் அனில் சார். என் ரிப்போர்ட்டைத்தான் காரணமாகக் காட்டினார். அந்தப் பச்சை எப்படி வந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

2. வியாழக்கிழமை

சாஃப்ட்வேர் மையத்தில் ஓடத் தொடங்கி ஏழாவது வாரம் அங்கிருந்து போன் வந்தது. காரோடு என்ற ஊரிலிருந்து வந்த நோயாளி ஒருவரின் பெயர் வியாழக்கிழமை லிஸ்டில் இல்லை. மெஷின் எதுவும் காலியில்லாததால், சனிக்கிழமை வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிந்துவைக்கும் பழைய லாக் எல்லாவற்றையும் திறந்தேன். அந்த டெஸ்ட் முதல் ஓட்டத்தில் பல நாள் தோற்று, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ தேறியிருந்தது. ஃப்ரேம்வொர்க் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. ஸ்டெல்லா சொன்னதுதான் முழுக்க முழுக்க நடந்திருந்தது.

ரீட்ரையைப் பூஜ்யமாக்கினேன். புரோகிராமர்கள் இரண்டு நாளில் பிழையைச் சரிசெய்தார்கள். அனில் சாரிடம் நடந்ததைச் சொல்லி, ஸ்டெல்லாவைத் திரும்பக் கூப்பிடச் சம்மதிக்க வைத்தேன். அவள் அப்போது பாறசாலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள். நான் போனில் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

"அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?"

எனக்குத் தெரியவில்லை. லாக் பார்த்தவன், கோட் பார்த்தவன், அந்த மனிதரைப் போய்ப் பார்க்கவில்லை.

"அத மொதல்ல போய்க் கேளுங்க அண்ணா. நான் வேலைக்கு வரல்ல."

3. காரோடு

நான் போனபோது அந்த நோயாளி வீடு திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார்.

"கம்ப்யூட்டர்ல பேரு இல்லண்ணு சொன்னாவ. நாங்கதான் நாள மாத்திச் சொல்லிட்டோமோண்ணு இவரு கெடந்து விசனப்பட்டாரு," என்றார்.

"நீங்க மாத்திச் சொல்லல்ல அம்மா. தப்பு என்மேல. பேரு காணாம போறதக் காட்டித்தந்த டெஸ்ட நான் மறைச்சு வெச்சேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இனி பேரு போவாதில்லியா?"

போகாது என்று சொல்ல வாய் வரவில்லை. "போனா எனக்குத் தெரியும் அம்மா. தெரிஞ்சா அன்னைக்கே சொல்லுவேன்" என்றேன். ஒரு டெஸ்டர் தரக்கூடிய வாக்கு அவ்வளவுதான். அதைக்கூட அவருக்கு நான் தாமதமாகத்தான் கொடுத்தேன்.