இறுகாத சிமெண்ட்

என் மாமியாரின் இடுப்பில் மூன்று மாதம் சிமெண்ட் இருந்தது. கல்யாணமாகி வந்தபின் நான் நிம்மதியாக இருந்தது அந்த மூன்று மாதம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சுனாமிக்குப் பிறகு கோட்டுச்சேரிமேட்டில் எங்களுக்குத் தளம் போட்ட வீடு கிடைத்திருந்தது. அடுத்த வருடமே, மீன் ஏலத்துக்கு ஓடிய மாமியார் கரையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்தார்கள். அதில் சீழ் பிடித்தது. மறுபடி அறுத்து, மூட்டை எடுத்துவிட்டு, கிருமியைக் கொல்லும் மருந்துப் பொடியை எலும்புக்கென்று இருக்கும் சிமெண்டில் குழைத்து, அதையே மூட்டு மாதிரி செய்து உள்ளே வைத்தார்கள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து புண்ணை ஆற்றுமாம். மூன்று மாதம் கழித்து அதை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்க வேண்டுமாம்.

என் புருஷன் கடலுக்குப் போயிருந்தார். அதனால் வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். கிழவி வெளியே வேனில் படுத்திருந்தாள்.

"மூணு வாரம் படுக்கட்டும்மா. அப்புறம் வாக்கரப் புடிச்சு, கால லேசா ஊனி தெனமும் நடக்க வைங்க. முட்டிய மடக்கி நீட்டச் சொல்லுங்க. விட்டுட்டீங்கன்னா சதையெல்லாம் சூம்பிடும்."

நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவள் எனக்குச் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் அம்மா செத்த அன்று, அண்ணன் அனுப்பிய ஆள் காலையிலேயே கரையில் அவளிடம் சேதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்றைக்குப் பார்த்து மீன் வாரிக்கொண்டு வந்திருந்தது. குடல் எடுத்து, கீறி, கடைசிக் கூடைக்கு உப்புப் போட்டு முடிக்கும்வரை என்னை வேலை வாங்கிவிட்டு, சாயங்காலம், "ஒங்கம்மா போயிட்டாளாம்டி, பாத்துட்டு வா" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

மூன்று வாரம் முடிந்த அன்று அவளே கேட்டாள். "ஏண்டி, நான் எப்பதான் கீழ எறங்குறது?"

"உள்ள வச்ச சிமெண்டு இன்னும் இறுகலையாம் அத்தை. கால ஊனுனா விண்டுபோயிடுமாம்."

நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. எங்கள் வீட்டுத் தளத்துச் சிமெண்ட் இறுக அவளே மேலே பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு, நாள் கணக்காக ஒரு குழந்தையைக்கூட ஏறவிடாமல் காவல் இருந்தவள். அதனால் உடனே நம்பினாள். புருஷனும் நம்பினார். வாக்கரைக் கொல்லைப்பக்கம் வைத்து அதில் பாவாடை காயப்போட்டேன்.

மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் பேசின் எடுத்துக்கொண்டு போவேன். பதினோரு வருடம் எனக்கு மீனில் வால் துண்டைத் தவிர வேறு போடாதவள் எதிரில் உட்கார்ந்து நடுத்துண்டைத் தின்றேன். வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது.

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவள் தொடையை அமுக்கிப் பார்த்தார். தோலும் எலும்பும்தான் கையில் வந்தது. முட்டி மடங்கவில்லை.

"நடக்கவே வைக்கலையா?"

அவள் முந்திக்கொண்டாள். "சிமெண்டு இறுகலன்னு..."

"யாரு சொன்னா? குழைச்ச பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல அது கல்லாயிடும்மா. டேபிள்லயே இறுகிடுச்சு."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்: "இவ நடக்கச் சொல்லத்தான் சொன்னா, டாக்டரு. நான்தான் பயந்துகிட்டு எந்திரிக்கல."

பாசத்தால் என்னைக் காப்பாற்றவில்லை. பீ அள்ளிப்போட என்னை விட்டால் ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். பத்து நாள் கழித்து வரச்சொல்லி, புது மூட்டும் வைத்தார்கள். சாகும்வரை அவள் நடக்கவில்லை.

டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்த அன்று, ஊருக்குத் திரும்பும்போது வேனில் படுத்தபடியே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நான் கூப்புட்டா வருவீல்ல?"

அதுவரை 'அடியே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். வருவேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஊர் நெருங்கி, திருநள்ளாறு தாண்டும்வரை வாயைத் திறக்காமல் அவளைக் காக்க வைத்தேன்.