செவெல் வாங்கப் போன ஐந்து நாட்கள்

1996 ஒக்டோபர் முதற்கிழமை. செவ்வாய் மாலை நான்கு பத்துக்கு ரொறன்ரோவில் இறங்கினேன். காலையில் நோர்வேயின் பேர்கன் நகரில் ஏறி, அம்ஸ்டர்டாமில் விமானம் மாறி வந்தும் வெளியே இன்னும் வெயில் இருந்தது. குடிவரவு மேசையிலிருந்த பெண் எதற்காக வந்தேன் என்று கேட்டார். கார் பார்க்க என்றேன். நோர்வேயில் கார் இல்லையா என்றார். இருக்கிறது, ஆனால், என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டேன். ஒன்பது வருடம் நோர்வேஜிய மொழி பேசிப் பேசி, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் எங்கோ அடியில் போய்விட்டிருந்தது. அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

அவரிடம் சொல்ல வராததை இங்கே சொல்கிறேன். நான் பேர்கனில் ஒட்வார் என்பவரின் கராஜில் வேலை செய்கிறேன். பழைய அமெரிக்க வண்டிகளைத் தேடி இறக்கி, திருத்தி விற்பது அவர் தொழில். அதிலும் மசில் கார்தான் அவருக்கு உயிர். நடுத்தர அளவு உடம்புக்குள் மிகப் பெரிய எஞ்சினைத் திணித்து, அறுபதுகளில் செய்த வண்டிகள் அவை. முப்பது வயதான வண்டியென்றால் நோர்வேயில் இறக்குமதி வரி மிகக் குறைவு. ஆகவே அந்த வருடம் எல்லோரும் 1966 மொடல்களைத் தேடினார்கள். ஒட்வாரின் வாடிக்கையாளர் ஒருவருக்கு அந்த வகையில் பேர்போன செவெல், 66 மொடல் வேண்டும். ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பண்ணையில் ஒன்று விலைக்கு இருப்பதாக விளம்பரம் வந்தது. ஒட்வார் வருடாவருடம் போகும் மான் வேட்டையை விட்டுவர மாட்டார். எனக்கோ அங்கே மச்சான் இருக்கிறார். அதனால் நான் போனேன். பன்னிரண்டாயிரம் டொலருக்குள் வாங்கலாம் என்று சொல்லி, பணத்தை மச்சானின் கணக்குக்கு அனுப்பிவிட்டு அவர் மலைக்குப் போய்விட்டார். ஞாயிறுவரை அவரோடு பேச வழியில்லை.

மச்சான் பாஸ்கரன், என் மனைவியின் அண்ணன், வெளியே காத்திருந்தார். அஜின்கோர்ட்டில் உள்ள அவருடைய வீட்டுக்கு 401 நெடுஞ்சாலையில் முப்பத்தைந்து கிலோமீற்றர். அந்தச் சாலை எனக்கு விளங்கவேயில்லை. ஒரு திசைக்குள்ளேயே இரண்டு சாலைகள், நடுவில் தடுப்பு. வெளிச்சாலையில் இருந்தால்தான் இறங்கலாம், உட்சாலையில் மாட்டினால் இறங்கவேண்டிய இடம் கண்ணெதிரே கடந்துபோகும். மச்சானுக்கும் அப்படிக் கடந்துபோனது. ஏழு வருடமாக ஓட்டுகிறேன், இன்னும் பிடிபடவில்லை என்றார்.

புதன், காலை ஒன்பது மணி. பண்ணைக்குப் புறப்பட்டோம். போகும் வழியில் அஜக்ஸ் என்ற ஊரில் இறங்கினோம். அங்கே வீடு மலிவு என்று மச்சானுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மாதிரி வீடு ஒன்றைக் காலணி கழற்றிச் சுற்றிப் பார்த்தோம். நான் யாரென்று விற்பனைக்காரர் கேட்க, மச்சான் என்னை நோர்வே எஞ்சினியர் என்று அறிமுகப்படுத்தினார். அரைமணி நேரம் நான் சுவர்களைத் தட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு வடக்கே திரும்பி, சோளம் வெட்டிய வயல்களுக்கு நடுவே ஓடினோம். வீட்டிலிருந்து அறுபத்தொரு கிலோமீற்றரில் பண்ணை வந்தது.

வண்டியின் உரிமையாளர் மார்கரெட். எழுபதை நெருங்கியவர், ஒல்லி, நீலக் கம்பளிச் சட்டை. கணவர் இறந்து இரண்டு வருடம். நான் முதலில் சொன்னதே பிழையாகிவிட்டது. நோர்வேஜிய மொழியில் காருக்கு ‘பீல்’ என்பார்கள். அவசரத்தில் அது வாயில் வந்துவிட்டது. முதலில் பீலைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம் காணவில்லை. திரும்பி வந்தபோது கையில் மஞ்சளாகிப்போன ஒரு தாள். கார் வாங்கிய பில். முப்பது வருடத்துக்கு முந்தையது.

நான் கேட்காமல் கிடைத்த அந்தத் தாள்தான் எல்லாவற்றையும் கலக்கியது. அதில் செவெல் என்ற பெயரே இல்லை. போமொண்ட் என்று இருந்தது.

அப்படியொரு காரை நான் கேள்விப்பட்டதில்லை. மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். களஞ்சியத்தின் பெரிய கதவை மார்கரெட் தள்ளித் திறந்தார். கருநீலக் கார். பக்கவாட்டில் பார்த்தால் செவெலேதான். அந்தக் கூரைச் சரிவும் பின்தோள் வளைவும் எனக்குக் கைமனப்பாடம், மூன்று செவெலைக் கழற்றிப் பூட்டியவன் நான். முன்னே போனால் முகம் வேறு. மூக்கில் மேப்பிள் இலை பதித்த ஒரு சின்னம். பின்விளக்குகள் வேறு. உள்ளே எட்டிப் பார்த்தால் டாஷ்போட் இன்னொரு கொம்பனிக் காருடையது போல இருந்தது. எஞ்சினைத் திறந்தேன். செவெலின் பெரிய எஞ்சின், 396 கன அங்குலம்.

மூன்று காரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். விளம்பரத்தில் ஏன் செவெல் என்று போட்டீர்கள் என்று மச்சான் ஆங்கிலத்தில் கேட்டார். மருமகன்தான் எழுதினான், போமொண்ட் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள் என்றானாம். விலை பதினோராயிரத்து ஐந்நூறு. வெள்ளி மதியம் கியூபெக்கிலிருந்து இன்னொருவர் வருகிறார், அதுவரை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். பில்லைப் பிரதியெடுக்கக் கேட்டேன். மூலத்தாளையே தந்தனுப்பினார். அது என்னை இன்னும் குழப்பியது. ஏமாற்றுபவர் அப்படித் தருவாரா?

வியாழன், காலை பத்தரை. மச்சானுக்குத் தெரிந்த நௌஷாத் நானா வோபர்னில் பொடி ஷொப் வைத்திருக்கிறார். மன்னாரைச் சேர்ந்தவர், இங்கே பதினைந்து வருடமாக அடிபட்ட கார்களை நிமிர்த்துகிறார். கையில் உப்புத்தாளோடு வந்து பில்லை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

“தம்பி, இது கனடாவில மட்டும் வித்த கார். உடம்பும் எஞ்சினும் செவெல்ட. பேரும் முகமும் டாஷ்போட்டும் வேற,” என்றார்.

“அப்ப ஒட்டுவேலை இல்லையோ, நானா?”

“இல்ல. பிறந்ததே இப்பிடித்தான். பெரிய எஞ்சினோட வந்தது கொஞ்சம். தெரிஞ்சவன் ஓடி வருவான். தெரியாதவன் திரும்பியும் பாக்கமாட்டான்.”

வாங்கலாமா என்று கேட்டேன். அதைத் தான் சொல்ல ஏலாது என்றார். பில்லிலே எஞ்சின் இலக்கம் எழுதியிருக்கிறது, எஞ்சினில் அடித்திருப்பதோடு சரிபாருங்கள், பொருந்தினால்தான் அது காரோடு பிறந்த எஞ்சின் என்று மட்டும் சொன்னார். தேநீர் தந்தார். ஒரு தேநீருக்குள் என் சந்தேகம் தீர்ந்து வேறொன்று பிறந்திருந்தது. கார் உண்மையானது. ஆனால் என்னை அனுப்பியது செவெல் வாங்க. கேட்ட காரைவிட அரிதான காரைக் கொண்டுபோனால் அது கெட்டித்தனமா, சொல் கேளாமையா? பேர்கன் சுங்கத்தில் இந்தப் பெயரை எந்தப் புத்தகத்தில் தேடுவார்கள்? ஒட்வாரின் வீட்டுக்கு அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்து, அவர் காட்டில்தான் இருக்கிறார், உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்றார். எனக்கு எதுவும் சரியென்று படவில்லை என்பதைச் சொல்லவில்லை.

வெள்ளி. எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே வங்கிக் காசோலையை எடுத்துக்கொண்டு, பத்தேகாலுக்குப் பண்ணையில் நின்றோம். எஞ்சினின் முன்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. கடைசிக்கு முந்தையது துருவில் தேய்ந்திருந்தது. பில்லில் மூன்று. எஞ்சினில் மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். மச்சானைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒருமுறை மூன்று என்றார், அடுத்தமுறை எட்டு என்றார்.

ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிச் சாவியைக் கேட்டேன். மார்கரெட் தரவில்லை. தானே ஓட்டப்போவதாகச் சொன்னார்.

அவருடைய கணவர் இருபத்தெட்டு வருடம் அந்த வண்டியை ஓட்டினார். இவருக்கு ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. அவர் போனபிறகு ஞாயிறுதோறும் களஞ்சியத்திலேயே ஸ்ராட் பண்ணி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவாராம். வெளியே எடுக்கத் துணிவு வரவில்லை. பக்கத்தில் இயந்திரம் தெரிந்த ஒருவர் இருந்தால் எடுக்கலாம் என்று அன்று காலை முடிவு செய்ததாகச் சொன்னார். காலணியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் இடப்பக்கம் போய்க் கதவைத் திறந்து, அங்கே ஸ்ரியரிங் இருக்கக் கண்டு, சுற்றி மறுபக்கம் போய் ஏறினேன். நோர்வேயிலும் ஸ்ரியரிங் இடப்பக்கம்தான். எதற்காக அங்கே போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

முதலில் இரண்டு தடவை நின்றது. கிளட்ச் பாரம். அவர் இருக்கையை இன்னும் முன்னால் இழுத்தார். பிறகு பண்ணை வாசலைத் தாண்டி, சரளைக்கல் போட்ட நேர்ச்சாலைக்கு வந்தோம். இலக்கத்தகடு காலாவதியானது என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சொல்ல ஆங்கிலம் தேடினேன். கிடைப்பதற்குள் மூன்றாம் கியர் விழுந்துவிட்டது. ஐம்பது மைல். அறுபது. அவர் மிதியை அடிவரை அழுத்தினார். எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டும் கார்புரேட்டரில் அதுவரை மூடியிருந்த இரண்டு வாய்களும் திறந்த சத்தம் கேட்டது, உடனே என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. நான் பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். தட்டல் இல்லை, திணறல் இல்லை. அவ்வளவு பெரிய எஞ்சின் ஒரே குரலில் இழுத்தது. எண்பதில் முள் நின்றபோது, மூன்றா எட்டா என்ற கேள்வி பின்னாலே தூசிக்குள் எங்கோ விழுந்துபோயிருந்தது.

சாலை முடியும் இடத்தில் நிறுத்தினார். கைகளை ஸ்ரியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

“ஓட்டக் கஷ்டமான கார் என்றுதான் அவர் எப்போதும் சொன்னார்,” என்றார். எனக்கு விளங்கிய ஆங்கிலம் அது.

திரும்பியதும் காசோலையைக் கொடுத்தேன். விற்பனைத்தாளில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார். உள்ளதை எழுதச் சொன்னேன். மை காய்வதற்குள் கியூபெக்காரர் வந்து இறங்கினார். மேப்பிள் இலைச் சின்னத்தைக் கண்டதும் நேரே அதனிடம் போய்த் தொட்டார். விளம்பரத்தின் மங்கலான படத்தில், நாங்கள் கவனிக்காத அதைக் கண்டுதான் ஆறு மணி நேரம் ஓட்டி வந்தாராம். நடந்ததை அறிந்ததும், அங்கேயே எனக்கு இரண்டாயிரம் டொலர் கூடத் தருவதாகச் சொன்னார். கார் என்னுடையதல்ல, விற்க முடியாது என்றேன். அவர் மார்கரெட்டுக்குக் கைகொடுத்துவிட்டு, போமொண்டை ஒருமுறை சுற்றிவந்து புறப்பட்டார்.

“ரெண்டாயிரம் டொலர், மச்சான்,” என்றார் பாஸ்கரன் காரில் ஏறியதும்.

“ஓம்.”

“நீங்கள் விளங்கித்தான் சொன்னனீங்களோ?”

விளங்கித்தான் சொன்னேன் என்றேன்.

காரைக் கப்பலேற்றும் வேலையை மச்சானிடம் விட்டுவிட்டு, சனி மாலை விமானம் ஏறினேன். ஞாயிறு மாலை ஒட்வாருக்கு அழைத்து எல்லாம் சொன்னேன். செவெல் இல்லை, போமொண்ட் என்றேன். யார் ஓட்டிப் பார்த்தது என்று கேட்டார். கிழவி என்றேன். எவ்வளவு வேகம் என்றார். சொன்னேன். திங்கள் ஏழு மணிக்கு வேலைக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டார். கோபமா இல்லையா என்று தெரியாமல் அந்த இரவு போனது.

ஏழு வாரம் கழித்துக் கொள்கலன் வந்தது. சுங்கத்தில் பெயரைத் தேடி அரைநாள் போயிற்று. பழைய பில்லைக் காட்டித்தான் எடுத்தோம். செவெல் கேட்ட வாடிக்கையாளர் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று போய்விட்டார். வசந்தத்தில் ஒட்வார் தன் பெயருக்கே பதிந்துகொண்டார். பிடித்து வைத்திருக்கிறாரா, விற்க முடியாமல் வைத்திருக்கிறாரா என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

பேர்கனில் எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் ரொறன்ரோ எப்படி என்று கேட்கிறார்கள். எந்தக் கோயிலுக்குப் போனாய், எந்தச் சேலைக்கடை, கடைப் பலகையெல்லாம் தமிழிலாமே என்கிறார்கள். நான் அவற்றைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் கண்டேன். எது எங்கே இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. போய்ப் பார்க்காமலே வந்திருக்கிறாய் என்று சிரிக்கிறார்கள். அஜக்ஸுக்கு வடக்கே ஒரு சரளைச் சாலையை மட்டும் தெளிவாகச் சொல்வேன். அதன் நீளம் நாலரை மைல். அதைக் கடக்க எங்களுக்கு நாலு நிமிடமும் ஆகவில்லை.