பக்கத்துப் படகு கேட்காத கம்பி

கடலோர ஊரான இனயத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக மாற்றலாகி வந்தபோது, வாடகை வீட்டுக்காரரிடம் நான் முதலில் விசாரித்தது தண்ணீர் வசதியைப் பற்றி அல்ல. பக்கத்தில் உயரமான மரம் உண்டா என்றுதான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் உரிமம் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன். வீட்டில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, தூரதேசத்தில் இருக்கும் என்னைப் போன்ற பைத்தியங்களோடு பேசுகிறவன். அதற்குக் கோபுரமெல்லாம் வேண்டாம். நீளமான ஒரு செப்புக் கம்பியை உயரத்தில் இழுத்துக் கட்டினால் போதும். ஒரு முனை என் மொட்டைமாடியில், மறுமுனை பக்கத்து வீட்டுத் தென்னையில்.

தென்னைக்குச் சொந்தக்கார அம்மாவின் மகன் ஆழ்கடலில் மீன்பிடிக்கும் விசைப்படகு ஒன்றில், ஊர்ப்பேச்சில் போட்டில், ஸ்ராங்கு, அதாவது அதை ஓட்டுகிறவன். நான் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டபோது, "இதுல என்ன சாரே கேக்கும்?" என்றார். பெருமை தாங்காமல், ஜப்பான்காரன் பேசுவது கேட்கும் என்று சொல்லித் தொலைத்தேன். சம்மதித்தார். ஆனால் அன்றிலிருந்து என் மேல் ஒரு கண்.

காரணம் மெல்லத்தான் விளங்கியது. நல்ல மீன் கிடக்கும் இடத்தை எந்த ஸ்ராங்கும் வெளியே விடமாட்டான், கூடப்பிறந்தவனுக்குக்கூட. போட்டுகள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை வாத்தியார் கம்பி கட்டி ஒட்டுக்கேட்டு, வேண்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று தெருவில் பேச்சு. நான் மீன் வாங்கப் போனால் பேச்சு நின்றது. ஒருமுறை அந்த மகன் மீனில்லாமல் திரும்பிய மறுநாள் என் கம்பி அறுந்து கிடந்தது. தென்னை ஆடினால் கம்பி அறுவது உண்டுதான். ஆனால் அன்று காற்றே இல்லை. நான் ஒன்றும் கேட்காமல் மறுபடி கட்டினேன். ஜன்னலோரம் நின்று அந்த வீட்டை நோட்டம் விடுவது எனக்கும் பழக்கமாகிவிட்டது.

பிறகு ஒரு வாரம் கடல் மோசமானது. மகனுடைய போட்டிலிருந்து தகவல் இல்லை. ஒரு நாள் காலையில் நான் செட்டின் முன்னால் இருந்தபோது அந்த அம்மா மாடியேறி வந்தார்.

"எனக்க மோனுக்க போட்டு எங்க நிக்குதுன்னு பறயுங்க சாரே."

"இதுல போட்டெல்லாம் கேக்காதுக்கா. அவங்க வயர்லெஸ் வேற அலை. இந்த செட்டுல வராது."

"ஜப்பான்காரன் பேசுனா கேக்கும். இந்தா கெடக்குற கடல்ல எனக்க மோன் பேசுனா கேக்காதோ?"

என் அலை வானத்தில் பட்டுத் திரும்பித் தூரத்தில் போய் இறங்கும் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கே அது புளுகு மாதிரி இருந்தது. செட்டைத் திருகிக் காட்டினேன். இரைச்சல், நடுவே எவனோ புரியாத பாஷையில் சிரித்துப் பேசினான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டது ஏதோ கேட்டுட்டிய. அதான் மறைக்கிறிய."

"சத்தியமா இல்லக்கா."

இறங்கிப் போனார். அன்று முழுக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். யாருக்கும் தகவல் இல்லை.

மறுநாள் செய்தி வந்தது. போட்டு லட்சத்தீவில் பத்திரமாக ஒதுங்கியிருந்தது. எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது. பள்ளிக்குப் போகிற வழியில் அவர் வீட்டு வாசலிலேயே நின்று, "சந்தோசம் அக்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நேத்தே ஒதுங்கிட்டானாம். ஒதுங்குன உடனே மத்த போட்டுக்கு வயர்லெஸ்ல பறஞ்சானாம். நான் ஒங்க மாடியில நின்ன நேரம்."

நேற்றுச் சொன்னதையே மறுபடி சொன்னேன்.

"மீனுக்க எடத்த நீங்க ஆருக்குக் குடுத்தாலும் பொறுத்திருப்பேன் சாரே. இத ஒரு வார்த்த பறஞ்சிருந்தா நேத்து ராத்திரி ஒறங்கியிருப்பேன். கம்பிய அவுத்துருங்க."

சாயங்காலமே அவிழ்த்துவிட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.