சேவலோடு திரும்பிப் போன அப்பா

என் அப்பா யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. தேர்வாய் கண்டிகை தொழிற்சாலையில் சூப்பர்வைசரோடு வாய்ச்சண்டை, வீட்டில் அம்மாவோடு மல்லுக்கட்டு. பிரசங்கம் நீண்டுபோனால் போதகரிடமே மணி என்ன என்று கேட்பார். அண்ணனான பெரியப்பாவோடு வருடக்கணக்கில் பேச்சே இல்லை. இருவர் நிலத்துக்கும் பொதுவில் இருந்த போர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்பதில் வந்த தகராறு. தம்பி வருகிற கோயிலுக்கு வரமாட்டேன் என்று பெரியப்பா ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டில் இருந்துகொண்டார்.

அந்த வருடம், விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குப் படைக்கும் அறுப்புப் பண்டிகைக்கு என் சேவல்தான் காணிக்கை என்று முடிவானது. குஞ்சிலிருந்து நான் வளர்த்தது. காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டில் அன்றே குழம்பு. அதனால் பண்டிகையன்று கோயிலில் கண்ணை இறுக்கி மூடி, சேவலைக் காப்பாற்றும்படி ஆண்டவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

காணிக்கை படைக்க வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்று இயேசு சொன்னதைப் பற்றி அன்று போதகர் பேசினார். பிறகு எல்லோரும் வரிசையில் போனார்கள். சேவலைக் கக்கத்தில் இடுக்கியிருந்த அப்பா, பீடத்தருகே போய் நின்றார். திரும்பினார். சபையே பார்க்க வெளியே நடந்தார்.

"இன்னாங்க, எங்க போறீங்க?" என்று அம்மா பதறினாள்.

என் ஜெபத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் பின்னாலேயே ஓடினேன். வைத்துவிட்டுப் போ என்றுதான் இயேசு சொன்னார். அப்பா அவசரத்தில் சேவலோடே கிளம்பிவிட்டார்.

பெரியப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, சேவலத் தூக்கிக்கினு வந்து நிக்கற?"

அப்பா சேவலை மறு கக்கத்துக்கு மாற்றினார். "மோட்டார நீயே மொதல்ல போட்டுக்கோண்ணா."

"ஐயரு அனுப்பினாரா?" போதகரைத்தான் பெரியப்பா அப்படிச் சொன்னார்.

"ஐயரு சொன்னா நான் வருவனா? சொன்னது ஆண்டவரு. அவராண்ட இன்னான்னு எதுத்துப் பேசறது?"

பெரியப்பா துணியைப் பிழிந்து வண்டிமேல் போட்டார். அப்புறம் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மூவரும் கோயிலுக்குத் திரும்பினோம். சேவலும்தான். ஏலத்தில் அது யார் வீட்டுக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. அம்மா மடியில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தேன்.

மறு வருடம் அப்பா மஞ்சள் காமாலையில் மாதக்கணக்காகப் படுத்துவிட்டார். பெரியப்பா எங்கள் நிலத்தையும் சேர்த்து நட்டு, அறுத்து, மூட்டைகளை எங்கள் வீட்டில் இறக்கினார். அந்தச் சோற்றில் வளர்ந்தவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.

அன்றைக்கோ, ஆண்டவர் பாதி வழியில் மனம் மாறிவிட்டார் என்று அவர்மேல் கோபித்துக்கொண்டு ராத்திரி ஜெபத்துக்கு உட்கார மறுத்துவிட்டேன். மனம் மாறியது என் அப்பா என்பது எனக்குப் புரியவில்லை.